எஸ்எம்ஓ 8800 யார்?

தங்கை மகளுக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தது 2021 ஆகஸ்டில். கல்லூரி வகுப்புகளெல்லாம் ஆன்லைனில் ஓடிக்கொண்டிருந்த காலம். அவள் ஒரு வருடமாக அப்பாவின் போனில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். புதிய லேப்டாப் விலையைக் கேட்டு மலைத்துப்போய், சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்பெனிகள் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் கடைகள் அங்கே உண்டு. 2011 வாக்கில் வந்த டெல் லாட்டிட்யூட் ஒன்று 11,500 ரூபாய்க்குப் படிந்தது. செங்கல் கனம். கீபோர்டில் 'ஏ' எழுத்து தேய்ந்திருந்ததைத் தவிர வேறு குறை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வழக்கப்படி அதைப் பிரித்தேன். உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே வேலையை வேகமாகச் செய்யும் எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். கடைக்காரர் ஏற்றிக் கொடுத்திருந்த விண்டோஸ் எங்கிருந்து வந்ததோ தெரியாது, அதனால் புதிதாக விண்டோஸ் 10 ஏற்றினேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி போன்.

"மாமா, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சளா மூணு முக்கோணம் இருக்கு. ஒண்ணுக்குப் பேரே இல்ல. அன்நோன் டிவைஸ்னு போட்டிருக்கு. கடையில எவனாவது உள்ள எதையாவது வச்சுட்டானா?"

டிவைஸ் மேனேஜர் என்பது கணினிக்குள் இருக்கும் பாகங்களை விண்டோஸ் வரிசையாகக் காட்டும் பக்கம். சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், அது சிரிக்கக்கூடிய கேள்வியே இல்லை. முன்பின் தெரியாதவர்கள் பத்து வருடம் வைத்திருந்த இயந்திரம். கேமரா இருக்கிறது, மைக் இருக்கிறது. இப்போது ஒரு பெண்ணின் படுக்கையறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று கணினிக்கே தெரியவில்லை என்று கணினியே சொல்கிறது. பயப்படாமல் என்ன செய்வாள்?

கடைக்காரருக்கு போன் போட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். எல்லா லேப்டாப்லயும் ஒண்ணு ரெண்டு அப்படித்தான் நிக்கும். பாக்காதீங்க." பாக்காதீங்க என்பது ஒரு தீர்வுதான், இல்லை என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போவதற்குள் மருமகள் தன் பங்குக்கு ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். டிரைவர்களை, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்கத் தேவைப்படும் சிறு மென்பொருள்களை, தானே தேடிக் கண்டுபிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியிருந்தாள். அது உள்ளே ஏறியவுடன், உங்கள் கணினியில் 27 டிரைவர்கள் பழையவை, ஆபத்து, உடனே பணம் கட்டுங்கள் என்று சிவப்பில் அலறியது. புது விண்டோஸ் ஏற்றி நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் 27 நோய். இந்த வகை மென்பொருள்களைப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: வீட்டில் தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்று பயந்து, தெருவில் போகிற இன்னொரு தெரியாத ஆளைக் கூப்பிட்டு உள்ளே விட்டுச் சாவியையும் கொடுக்கிற வேலை. முதலில் அதைக் கழற்றினேன்.

"அப்ப எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

"அதுகிட்டயே கேப்போம்."

அதனிடமே கேட்கலாம் என்பது எங்கள் காலத்தில் கிடையாது. அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999 இல் நண்பன் வீட்டில் ஒரு கணினியைக் கூட்டி வைத்தோம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நாமே பூட்டுவது. சவுண்டு கார்டுக்கு மட்டும் காசு பற்றவில்லை. யாரோ கழற்றிப் போட்ட பழைய கார்டு ஒன்று கிடைத்தது. பெட்டி இல்லை, ஃப்ளாப்பி இல்லை, பெயர் இல்லை. மதர்போர்டில் இருந்த ஐஎஸ்ஏ என்ற பழைய வகை நீளமான கறுப்பு ஸ்லாட்டில் செருகினோம். கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை. ஐஎஸ்ஏ கார்டு வாய் திறக்காது. இன்ன முகவரி, செயலியைக் கூப்பிட இன்ன குறுக்கீட்டு எண் (ஐஆர்க்யூ) என்று கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டி இணைப்பான்களை நாம்தான் விரலால் மாற்றி வைக்க வேண்டும். அதே எண்களை மென்பொருளிலும் நாமே எழுத வேண்டும். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (நினைவகத்தோடு நேரே பேசும் தடம்) 1. அந்தக் காலத்தில் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் விளையாடியவர்களுக்கு இது திருக்குறள் மாதிரி மனப்பாடம். ஐஆர்க்யூ மொத்தமே 16 தான்; பாதிக்கு மேல் கீபோர்டு, டிஸ்க், மவுஸ் என்று ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும். நாங்கள் வாங்கிய கார்டு 7 இல் வைக்கப்பட்டிருந்தது. 7 பிரிண்டருடைய இடம். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

அது யார் செய்த கார்டு என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கழற்றி டார்ச் அடித்து, அதில் உள்ள பெரிய சில்லின் முதுகைப் படிப்பது. தூசியை எச்சில் தொட்டுத் துடைத்தால் 'ஈஎஸ் 1688' என்று மங்கலாகத் தெரிந்தது. ஈஎஸ்எஸ் என்ற நிறுவனத்தின் ஆடியோ சில்லு. கார்டின் ஓரத்தில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் எஃப்சிசி எண் ஒன்றும் அச்சாகியிருக்கும். அதன் முதல் மூன்று எழுத்துகள் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடும். இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, மணிக்கு 40 ரூபாய் வாங்கும் பிரவுசிங் சென்டருக்கு சைக்கிளில் போனோம். டிரைவர் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கவில்லை, இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. ராத்திரி பதினொரு மணிக்கு முதல் பாட்டுக் கேட்டபோது நண்பனின் அப்பா எழுந்து வந்து திட்டினார்.

விண்டோஸ் 95 வந்தபோதே செருகினால் போதும், தானே புரிந்துகொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ப்ளக் அண்ட் ப்ளே. செருகிவிட்டு சாமி கும்பிட வேண்டும் என்பதால் ப்ளக் அண்ட் ப்ரே என்று ஊரெல்லாம் கேலி செய்தது. 1998 ஏப்ரலில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98 எவ்வளவு அழகாக ஸ்கேனரை அடையாளம் காண்கிறது என்று காட்டப் போனார்கள். ஸ்கேனரைச் செருகியதும், கணினி செயலிழந்தால் வருகிற நீலத்திரை. அரங்கமே கைதட்டிச் சிரித்தது. இதனால்தான் நாங்கள் இன்னும் விண்டோஸ் 98 ஐ வெளியிடவில்லை என்று அவரும் சிரித்துச் சமாளித்தார்.

இன்றைக்கு நிலைமை அப்படியில்லை. 1992 இல் வந்த பிசிஐ இணைப்பு முறையில்தான் இந்த மாற்றம் ஒழுங்காக வேரூன்றியது. கணினி எழும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிற வாத்தியார் மாதிரி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகும். ஒரு பஸ்ஸில், அதாவது ஓர் இணைப்புத் தடத்தில், 32 கதவு. திறந்தவர் முதலில் சொல்ல வேண்டியது இரண்டு எண்கள்: நான் எந்தக் கம்பெனி, நான் எந்த மாடல். வீட்டில் ஆளே இல்லை என்றால் வெறும் எஃப்எஃப்எஃப்எஃப் என்று பதில் வரும். அதனால்தான் அந்த எண்ணை எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை.

கம்பெனி எண்ணை பிசிஐ-சிக் என்ற கூட்டமைப்பு ஒதுக்குகிறது. நாலு இலக்கம், ஆனால் பதினாறடிமானத்தில். 0 முதல் 9 வரை போதாமல் ஏ முதல் எஃப் வரையிலும் எழுத்துகள் இலக்கங்களாக வரும். இன்டெல்லின் எண் 8086. 1978 இல் அவர்கள் கொண்டுவந்து பிற்பாடு உலகத்தையே மாற்றிய சில்லின் பெயர் அது. ஃபேன்சி நம்பர் வாங்கிய கார் மாதிரி வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டிக்கு 1022. என்விடியாவுக்கு 10டிஇ. சவுண்டு, நெட்வொர்க் என்று எதைத் திறந்தாலும் எட்டிப் பார்க்கிற ரியல்டெக்குக்கு 10இசி. இவை மனதில் இருந்தால் பாதி மர்மம் பார்த்தவுடனே கலைந்துவிடும்.

மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ளதன் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ். முதல் பக்கத்தில் 'கோடு 28' என்று இருந்தால் பொருள் கெட்டுப்போகவில்லை, டிரைவர் இல்லை, அவ்வளவுதான். அடுத்து டீட்டெய்ல்ஸ் பக்கம். அங்கே ஒரு கீழிறங்கு பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு சரம் வரும். விஇஎன் என்பதற்குப் பின்னால் வருவது கம்பெனி, டிஇவி என்பதற்குப் பின்னால் வருவது மாடல். இதைத்தான் அது கதவைத் திறந்து சொன்னது. விண்டோஸ் காதில் வாங்கிக்கொண்டது, ஆனால் யாரென்று புரியாமல் விழிக்கிறது.

முதல் முக்கோணத்தின் பெயர் 'மாஸ் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்'. "உள்ள இன்னொரு டிஸ்க் ஒளிச்சு வச்சிருக்கானா?" என்றாள். விஇஎன் 1217. அது ஓ2 மைக்ரோ, கார்டு ரீடர்கள் செய்கிறவர்கள். லேப்டாப்பின் முன்பக்கத்தில் கேமரா கார்டு செருகும் மெல்லிய வாய். நானே பார்த்துவிட்டுத் தூசி என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்'. இவ்வளவு சாதுவான பெயரை நான் பார்த்ததில்லை. விஇஎன் 8086, டிஇவி 1சி3ஏ. இது இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜினோடு பேசும் வாசல். மதர்போர்டில் உள்ள சிப்செட் என்ற சில்லுக்குள்ளேயே இருக்கும் தனிக் குட்டிக் கணினி அது. கம்பெனியின் ஐடி துறை தூரத்தில் இருந்தபடியே கணினியை நிர்வகிப்பதற்காக வைத்தது. மின்சாரம் இருக்கும் வரை, முக்கியக் கணினி அணைந்திருந்தாலும் இது விழித்திருக்க முடியும். 2015 க்குப் பிறகு வந்த பதிப்புகளில் மினிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. அதைப் பாடம் நடத்துவதற்காக எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமுக்கே இது 2017 இல்தான் தெரியவந்தது, இன்டெல்லுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியாட்கள் முழுதாகப் பார்க்க முடியாத பெட்டி. இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. அவள் பயந்தது பெயரில்லாத மூன்றாவதைப் பார்த்து. எனக்கு என்றைக்கும் உறுத்தல் இந்தப் பெயருள்ள இரண்டாவதன் மேல்தான். ஆனால் இது ரிச்சி தெருவில் வைத்ததல்ல, 2008 க்குப் பிறகு வந்த இன்டெல் செயலி உள்ள லேப்டாப்புகளில் அநேகமாக எல்லாவற்றிலும் பிறவியிலேயே இருப்பது. டிரைவர் போட்டால் முக்கோணம் போகும், உறுத்தல் போகாது.

இந்த இரண்டுக்கும் விண்டோஸ் ஏதோ ஒரு பெயராவது வைத்ததற்குக் காரணம் உண்டு. பிசிஐ சாதனம் கம்பெனி, மாடல் மட்டுமல்லாமல், தான் என்ன வகை வேலைக்காரன் என்பதையும் ஓர் எண்ணால் சொல்லும். 01 என்றால் சேமிப்பு, 02 என்றால் நெட்வொர்க், 03 திரை, 07 எளிய தகவல் தொடர்பு. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் தச்சரா கொத்தனாரா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது அதைக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் வெறும் 'அன்நோன் டிவைஸ்'. சரத்தைத் திறந்தால் விஇஎனும் இல்லை, டிஇவியும் இல்லை. ஏசிபிஐ, ஒரு சாய்கோடு, அப்புறம் எஸ்எம்ஓ 8800. அவ்வளவுதான்.

ஏசிபிஐ என்று ஆரம்பித்தால் அது கதவைத் திறந்து பேசியதல்ல. லேப்டாப் செய்தவர்கள் கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருளுக்குள் ஒரு பட்டியல் எழுதி வைப்பார்கள்: இந்த வீட்டில் இன்னின்ன ஆட்கள் உண்டு என்று. தாங்களாக வாய் திறக்கத் தெரியாத சின்னச் சின்ன உறுப்புகள் அதில் இருக்கும். பேட்டரி அதில்தான் இருக்கிறது, பிஎன்பி 0சி0ஏ என்ற பெயரில். பவர் பட்டன் பிஎன்பி 0சி0சி. லேப்டாப்பின் மூடிகூட ஒரு சாதனம்: பிஎன்பி 0சி0டி. மூடினால் தூங்குவது அதனால்தான். பிஎன்பி என்று ஆரம்பிப்பவை பொதுப் பெயர்கள், விண்டோஸுக்கு எல்லாம் தெரியும். மற்ற மூன்றெழுத்துகள் தனித்தனி நிறுவனங்களுடையவை. இதே மூன்றெழுத்துகளை மானிட்டர்களும் பயன்படுத்தும். எல்ஜி மானிட்டரைச் செருகினால் கணினிக்கு அது சொல்லும் பெயர் ஜிஎஸ்எம். அந்தக் கம்பெனி கோல்ட்ஸ்டாராக இருந்தபோது வாங்கிய எழுத்து, இன்னும் மாறவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடம் ஆன பிறகும் பிறந்த வீட்டு இனிஷியல் போடுகிற பெரியம்மாக்கள் மாதிரி.

"சரி மாமா, எஸ்எம்ஓ யாரு?"

எனக்குத் தெரியவில்லை. உற்பத்தியாளரின் இணையப் பக்கத்தில், லேப்டாப்புக்கு அடியில் உள்ள ஏழெழுத்து சர்வீஸ் டேகைப் போட்டால் அந்த மாடலுக்கான டிரைவர்கள் எல்லாம் வரும். வந்தன, நாற்பதுக்கு மேல். ஆனால் எந்த டிரைவர் எந்த முக்கோணத்துக்கு என்று அங்கே எழுதியிருக்காது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். அவள் ஊகிக்க ஆரம்பித்தாள். கைரேகை? இந்த மாடலில் இல்லை. வைஃபை சுவிட்ச்? வேலை செய்கிறது. கேமரா? அதுவும் வேலை செய்கிறது. "எல்லாமே வேலை செய்யுதே, அப்புறம் இது எதுக்கு உள்ள இருக்கு?" நல்ல கேள்வி. ஒன்று இல்லாததால் எந்தக் குறையும் தெரியவில்லை என்றால், அது இருந்து என்ன செய்துகொண்டிருந்தது?

இடையில் ஒரு வார்த்தை. சாதனம் சொல்கிற எண்ணை அப்படியே நம்பலாமா என்றால், முழுக்க நம்ப முடியாது. எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் யுஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக மாற்றும் சில்லுகள் செய்கிறது. கம்பெனி எண் 0403, மாடல் 6001. அதையே சொல்லிக்கொண்டு ஏகப்பட்ட போலிகள் சந்தைக்கு வந்தன. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக விட்ட டிரைவர், போலி என்று கண்டால் அதன் மாடல் எண்ணையே பூஜ்யமாக அழித்து எழுதியது. போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. கூச்சல் கிளம்பியதும் டிரைவரை விலக்கிக்கொண்டார்கள். இன்னொரு வகையும் உண்டு: யுஎஸ்பியில் எதையோ செருகினால் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்', கோடு 43, எண் 0000 என்று வரும். அங்கே டிரைவர் தேடி அலையக்கூடாது. பெயர் கேட்டதற்கு அது பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் வயர், இல்லையென்றால் போர்ட், இல்லையென்றால் அந்தப் பொருளே போய்விட்டது. நான் ஒரு முறை இரண்டு மணி நேரம் டிரைவர் தேடிவிட்டு, கடைசியில் வயரை மாற்றினேன்.

சரி, எஸ்எம்ஓ 8800. பையில் எப்போதும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று வைத்திருப்பேன். விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பலாம். லினக்ஸ்காரர்களுக்குத் தெரியாத ஆளைக் கண்டால் பிடிக்காது. பெயர் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது. செக் நாட்டு மார்ட்டின் மாரெஷ் எழுதியது. பிசிஐ சாதனங்களின் எண்களை எல்லாம் தன்னார்வலர்கள் சேர்த்து வைத்திருக்கும் பெரிய பட்டியலைப் பார்த்து, பெயர்களோடு வரிசையாகக் காட்டும். அடித்தேன். கார்டு ரீடர் வந்தது, இன்டெல் வந்தது, எஸ்எம்ஓ வரவில்லை. பிசிஐ இல்லையே, எப்படி வரும்? அவசரம்.

அப்புறம் என்னென்ன டிரைவர்கள் தாமாக ஏறியிருக்கின்றன என்ற பட்டியலைப் பார்த்தேன். நடுவில் நின்றது: டெல்-எஸ்எம்ஓ8800. நாம் தேடுகிற ஆளுக்கு லினக்ஸில் ஏற்கெனவே டிரைவர் இருக்கிறது, அதுவும் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. லினக்ஸில் சாதனங்கள் எல்லாம் டெவ் என்ற கோப்புறையில் ஒவ்வொரு கோப்பாகத் தெரியும். அதைத் திறந்து மேலிருந்து கீழே வந்தால், எழுத்துவரிசையில் எஃப் வந்த இடத்தில் ஒரு கோப்பு.

ஃப்ரீஃபால்.

இரண்டாம் வருடம் இயற்பியல் படிக்கிறவள் என்னை முந்திக்கொண்டாள். "தடையற்ற வீழ்ச்சி! கீழ விழுந்தா தெரிஞ்சுக்குமா?"

அதுதான். லேப்டாப் கீழே விழுகிறதா என்று கண்காணிக்கும் முடுக்கமானி. எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் செய்தது. சிலிக்கானில் செதுக்கிய மிகச் சின்ன எடை ஒன்று, சிலிக்கான் வில்லிலேயே தொங்கும். அசைந்தால் அளவு மாறும். மேஜைமேல் சும்மா இருக்கும்போது ஏதோ ஓர் அச்சில் புவியீர்ப்பு தெரிந்துகொண்டே இருக்கும். கையிலிருந்து நழுவிய கணத்தில் மூன்று அச்சுகளும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். விழுகிற பொருளுக்கு எடை தெரியாது என்று அவள் பாடத்தில் படித்ததை, இந்தச் சில்லு வேலையாகவே செய்கிறது.

எதற்கு? ஹார்டு டிஸ்க்குக்காக. அதன் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும். லேப்டாப் டிஸ்க்கில் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு ஒட்டிப் பறக்கிறது என்று புரியும். அந்த நிலையில் தரையில் மோதினால் முனை தட்டில் இடித்துக் கீறிவிடும், கல்யாண ஃபோட்டோக்கள் போய்விடும். விழுகிறோம் என்று தெரிந்தவுடனே முனையைத் தட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டால், மோதும்போது கீறுவதற்கு எதுவும் இருக்காது. அவள் ஒரு தாளை எடுத்தாள். மேஜை உயரம் 75 சென்டிமீட்டர், இரண்டால் பெருக்கி 9.8 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.39 விநாடி. கண் இமைக்கும் நேரம்தான். மனிதருக்கு 'ஐயோ' சொல்லக்கூடப் போதாது; இயந்திரத்துக்கு அதில் தாராளமாக நேரம் இருக்கிறது.

ஐபிஎம் 2003 இல் திங்க்பேடில் இதைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2005 இல். அப்புறம் எச்பி, டோஷிபா, டெல் என்று எல்லோரும். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு, ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 2008 இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: வீடுகளில் இருக்கும் லேப்டாப்புகளின் இந்தச் சில்லுகளையே இணையத்தில் கோத்து நிலநடுக்கம் பதிவு செய்யும் வலை ஒன்றை அமைத்தார்கள். க்வேக் கேட்சர் நெட்வொர்க் என்று பெயர். உளவுக் கருவியோ என்று பயந்த பொருளின் குடும்பம் இது.

இவ்வளவும் உற்சாகமாகச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் எங்கே இருக்கிறது? கழற்றியவன் நான். என் மேஜை டிராயரில் கிடக்கிறது. இப்போது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் தட்டும் கிடையாது, முனையும் கிடையாது, சுழல்வது எதுவுமே கிடையாது. காலி செய்த வீட்டுக்கு வாட்ச்மேன் மட்டும் ராத்திரி பகலாக நின்றுகொண்டிருக்கிறார். புது விண்டோஸ் ஏற்றி அவருடைய பேட்ஜையும் பிடுங்கியது நான்தான். கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் 'பாக்காதீங்க' என்றது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும், சரியான ஆலோசனைதான்.

"அப்ப இதுக்கு டிரைவர் வேண்டாம்தானே?" என்றேன்.

"போடுங்க மாமா. பாவம், பேராவது இருக்கட்டும்."

பெயர் தெரிந்த பிறகு அந்த நாற்பது டிரைவர் பட்டியலில் பார்த்தால், ஃப்ரீ ஃபால் என்று அங்கேயேதான் இருந்தது. பழைய விண்டோஸுக்கு எழுதியது. புதியதிலும் முனகாமல் ஏறியது. மூன்று முக்கோணமும் போயிற்று.

ஆனால் அதற்கு முன்னால், லினக்ஸில் இருக்கும்போதே ஒரு காரியம் செய்தோம். அந்த ஃப்ரீஃபால் கோப்பை யாராவது படிக்கப் போனால், உடனே எதுவும் வராது. லேப்டாப் விழும் வரை காத்திருந்து, விழுந்ததும் ஓர் எண்ணைத் தரும். இது தெரிந்த பிறகு எந்த இயற்பியல் மாணவி சும்மா இருப்பாள்? கட்டிலில் இரண்டு தலையணையும் அதன்மேல் மடித்த போர்வையும் வைத்தாள். நான் கட்டளையை அடித்தேன். கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஓர் அடி உயரம் தூக்கினாள்.

"விடட்டுமா?"

"விடு."

பொத்தென்று விழுந்தது. திரையில் ஒன்று என்று வந்து நின்றது.

"இன்னொரு தடவை மாமா" என்று அவள் மறுபடி தூக்கியபோது, கையில் காபித் தம்ளரோடு தங்கை வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணா," என்றாள், "பதினோராயிரத்து ஐந்நூறு குடுத்து வாங்கிட்டு வந்து, ரெண்டு பேரும் சேந்து ஏன் தூக்கிப் போடுறீங்க?"